தயாளனும் குமுதாவும் தற்சமயம்

ஜெலுத்தோங்,
சனிக்கிழமை மாலை

மதிப்பும் அன்பும் உள்ள அக்காவுக்கு,

பெண்ணின் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து இருக்கிறார்களா, இல்லையா? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று காலை பதினொரு மணிக்கு, நாளைய நிச்சயதார்த்தத்துக்கு இருபத்து நான்கு மணி நேரம்கூட இல்லாத நிலையில், மாப்பிள்ளை குகனின் அம்மா லோகேஸ்வரி என்னைத் தொலைபேசியில் அழைத்து இதைத்தான் கேட்டார்.

நலம் விசாரிக்காமல் ஆரம்பித்துவிட்டேன், மன்னியுங்கள். இங்கே நானும் என் இரத்த அழுத்தமும் ஓரளவு கட்டுக்குள் இருக்கிறோம். பெர்த்தில் நீங்களும் அத்தானும் குளிர் தாங்கி நலமாக இருக்க வேண்டும். வாட்சாப்பில் எழுதினால் கை தவறி நாற்பத்தாறு பேர் உள்ள குடும்பக் குழுவில் விழுந்துவிடும் என்பதால் தாளில் எழுதுகிறேன். திங்கட்கிழமை அஞ்சலகம் திறந்ததும் அனுப்புவேன்.

நம் தயாளன் அண்ணன் அக்கரையில், சிம்பாங் அம்பாட்டில், வேலை நிமித்தம் ‘அவுட்ஸ்டேஷன்’ என்றுதான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறோம். பதினான்கு மாதங்களுக்கு முன் இரண்டு பைகளோடு அவர் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது எங்களுக்கும் அதே சொல்தான் கொடுக்கப்பட்டது. மாக் மண்டின் தொழிற்சாலைக்கு இருபது வருடமாகக் கடற்பாலத்தைக் கடந்து தினமும் போய் வந்த மனிதருக்குத் திடீரென்று பாலம் நீண்டுவிட்டது என்று நாங்களும் நம்பிக்கொண்டோம். இந்த நாட்டில் அவுட்ஸ்டேஷன் என்பது மிகவும் கௌரவமான சொல், அக்கா. எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்பவரும் அவுட்ஸ்டேஷன், ஜோகூரில் இன்னொரு குடும்பம் வைத்திருப்பவரும் அவுட்ஸ்டேஷன், யாரும் மேலே கேட்க மாட்டார்கள். ஆனால் அது ஆறு மாதத்துக்குத்தான் தாங்கும். தீபாவளிக்கும் வராத மனிதரை அவுட்ஸ்டேஷன் என்று சொல்ல முடியவில்லை. அதன் பிறகு அண்ணன், “நாங்க ஸ்பேஸ் எடுத்துக்கிறோம்” என்றார். குமுதா அண்ணி, “வீ ஆர் லிவிங் அபார்ட்” என்றார், ஒரே மாடியில் தள்ளித் தள்ளி வைத்த இரண்டு பூந்தொட்டிகளைப் பற்றிச் சொல்வதுபோல. மகள் திவ்யாஷினி தன் தோழிகளிடம் ‘பிரேக்’ என்று சொல்லியிருக்கிறாள், எப்போது வேண்டுமானாலும் மணி அடித்து வகுப்பு தொடங்கிவிடும் என்ற பாவனையில்.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. தட்டு மாற்றும்போது பெண்ணின் அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தட்டை இருவருமாகப் பிடிக்க வேண்டும். அதற்கு முன் சம்பந்தி வீட்டுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும். என்ன சொல்வது என்று தீர்மானிக்கும் பொறுப்பு, கல்லூரியில் இருபத்து மூன்று வருடம் ஆங்கிலம் கற்பித்த குற்றத்துக்காக, என்னிடம் வந்தது. எனக்கான ஆங்கிலச் சொல் எல்லாப் படிவத்திலும் முதல் கட்டத்திலேயே இருக்கிறது, கல்யாணம் ஆகாதவள் என்று. அதனால் மற்றவர்களுக்குத் தேடிக் கொடுக்க எனக்கு நேரம் இருக்கும் என்று நினைத்திருக்கலாம். போன மாதம் அண்ணியின் சமையலறையில் கூடினோம். அண்ணனைக் கைப்பேசியில் அழைத்து மேசைமேல் வைத்தோம்.

“செப்பரேட்டட்னு சொல்லலாம்” என்றேன்.

“அது லாயர் வச்சவங்களுக்கு சொல்றது லா” என்றது கைப்பேசி.

“எஸ்ட்ரேஞ்ச்ட்?” என்று, உறவு முறிந்தவர்களுக்கான சொல்லை எடுத்தாள் திவ்யாஷினி. அந்தச் சொல் செய்தித்தாளில் வந்தால் அடுத்த வரியில் போலீஸ் வரும் என்று சொல்லித் தடுத்தேன். டிவோர்ஸ் என்ற சொல்லை யாரும் எடுக்கவே இல்லை. தொலைக்காட்சியில் யாராவது சொன்னாலே அண்ணி சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

“தமிழ்ல பிரிஞ்சு இருக்காங்கன்னு சொல்லிடலாமே” என்றேன் கடைசியில்.

மூவரும் சேர்ந்து வேண்டாம் என்றார்கள். பதினான்கு மாதத்தில் அண்ணனும் அண்ணியும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். தமிழில் சொன்னால் யார் யாரைவிட்டுப் போனது என்பது அடுத்த கேள்வியாக வரும். அபார்ட், ஸ்பேஸ் எல்லாவற்றிலும் அந்த வசதி இருக்கிறது, போனவர் யார், நின்றவர் யார் என்று அவை சொல்வதில்லை. மழை பெய்வதுபோலத் தானாக நடந்துவிட்ட காரியம் என்று தோன்றும்.

“சேந்துதான் இருக்கோம்னு சொல்லிடு” என்று அண்ணன் முடித்தார். இத்தனை சொற்களையும் அலசிய பிறகு பொய்தான் எளிது என்று முடிவாயிற்று.

போன சனிக்கிழமை சேலை நிறம் பார்க்க நான்கு மணிக்கு வருவதாக லோகேஸ்வரி சொல்லியிருந்தார். மூன்று மணிக்கே அண்ணன் வந்து கைலி கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வாசலில் அவருடைய பழைய செருப்பை வைத்தோம். கொடியில் அவர் சட்டைகள் மூன்றைக் காய்ந்தவையாகவே தொங்கவிட்டோம். பாலத்தில் லாரி ஒன்று பழுதாகி நின்றுவிட்டது. லோகேஸ்வரி தன் அண்ணனோடு வந்து உட்கார்ந்து இருபது நிமிடம் ஆன பிறகு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் தயாளன் அண்ணன், கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு. வீட்டுக்கு வந்த விருந்தாளி வெறுங்கையோடு வரக்கூடாது என்று நம் அம்மா வளர்த்த வளர்ப்பு, அவர் சொந்த வீட்டு வாசலில் வேலை செய்தது.

“வாங்க” என்றார் அண்ணி, வேறென்ன சொல்வது என்று தெரியாமல்.

“இருக்கட்டும், இருக்கட்டும்” என்று அண்ணன் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்ன பிறகு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். என்ன குடிக்கிறீங்க என்று கேட்டதற்கு, “வெறுந்தண்ணி போதும், சிரமப்படாதீங்க” என்றார். கை கழுவப் போனவர் சாமான் அலமாரியைத் திறந்துகொண்டு நின்றார். அண்ணி ஆறு மாதம் முன்பு சமையலறையை இடித்துக் கட்டியதில் குளியலறைக் கதவு வேறு பக்கம் போயிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ரோஹானா ஒரு தட்டில் பலகாரத்தோடு உள்ளே வந்து, “தயா, லாமா தாக் ஜும்பா” என்று, பார்த்து ரொம்ப நாளாயிற்றே என்பதை மிகுந்த அன்போடு மலாயில் சொல்லி, இப்போது எங்கே குடியிருக்கிறாய் என்றும் கேட்டார். அண்ணன் சிரித்தார், நான் சேலைகளை விரித்தேன். ஐந்தரைக்கு லோகேஸ்வரி எழுந்து விடைபெற்றபோது, தயாளன் அண்ணனும் கூடவே எழுந்து, “அப்ப நானும் கிளம்புறேன்” என்று செருப்பை மாட்டினார்.

அவர்கள் போன பிறகு திவ்யாஷினி அறைக்குள் போய்விட்டாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அவங்க வேணாம்னு சொல்லிட்டா நா யாருமேல கோவப்படுறது அத்த? அப்பாமேலயா, அம்மாமேலயா, உங்க டிக்‌ஷனரிமேலயா?”

எழுந்து சமையலறைக்குப் போனேன். அண்ணி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துடச் சொல்லலாமே என்று அவரிடம் கேட்டேன், அதுவும் என் வழக்கத்துக்கு மாறாக நேரடியாக, தமிழில். “இருபத்தெட்டு வருஷம் அவரு சட்டைய, சாவிய, கண்ணாடியத் தேடிக் குடுத்தேன். இப்ப இந்த வீட்ல எதையும் தேட வேண்டியதில்ல” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் துணியை எடுத்துப் பாத்திரங்களைத் துடைத்தேன்.

இன்று காலை தொலைபேசியில் லோகேஸ்வரி சுற்றிவளைக்கவில்லை. “டீச்சர், பொண்ணோட அப்பா அம்மா சேந்து இருக்காங்களா, இல்லையா? நேரா சொல்லுங்க” என்றார். நான் தொண்டையைச் செருமி, தற்சமயம் அவர்கள் வெவ்வேறு இடங்களில் அமைந்திருக்கிறார்கள் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னேன். மாணவர் யாராவது எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன். “சரிங்க டீச்சர், நாளைக்கு நேர்ல பேசிக்கலாம்” என்று வைத்துவிட்டார். நேரில் பேசுவது என்றால் என்ன என்று எங்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அண்ணி பந்தல்காரரிடம் நாற்காலிகளைக் குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். அண்ணன், தான் வராமலே இருந்துவிடட்டுமா என்று என்னைக் கேட்டார். திவ்யாஷினி கையில் மருதாணியோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே டிசம்பர் கல்யாணத்துக்கு நீங்கள் விமானச் சீட்டு எடுக்க வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நோய்நொடியில்லாமல், முடிந்தால் தமிழும் கொஞ்சம் பேசி வளர வேண்டும் என்று நம் குலதெய்வத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் தங்கை

பின்குறிப்பு, ஞாயிறு மாலை:

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பத்து மணிக்கு லோகேஸ்வரி தன் அண்ணனோடு ஒரு காரில் வந்தார். கால் மணி நேரம் கழித்து இன்னொரு காரில் குகனின் அப்பா தனியாக வந்தார். இருவரும் பந்தலின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்தார்கள். தட்டு மாற்ற அழைத்தபோது எழுந்து வந்து ஆளுக்கொரு விளிம்பைப் பிடித்தார்கள். எதிரே தயாளன் அண்ணனும் குமுதா அண்ணியும் ஆளுக்கொரு விளிம்பைப் பிடித்திருந்தார்கள். தட்டு மாறியது. குகன் மோதிரம் போட்டான், திவ்யாஷினி அழுதாள். பிறகு நால்வரும் அவரவர் இடத்துக்குப் போனார்கள். சாப்பாட்டில் லோகேஸ்வரி என்னிடம், “எங்க வீட்ல இப்படி, ஒங்க வீட்ல எப்படி எடுத்துப்பாங்களோன்னு பயந்துதான் டீச்சர் நேத்து கேட்டேன். நீங்க இங்கிலீஷ்ல ஏதோ சொன்னீங்க, எனக்கு வெளங்கல” என்றார். பிறகு அண்ணியிடம் திரும்பி, “எத்தன வருஷம்?” என்று கேட்டார்.

“பதினாலு மாசம். ஒங்களுக்கு?”

“ஒம்பது வருஷம். சாப்பாட்டுக்கு அவரு என்னா பண்றாரு?”

“தெரியல. நா கேக்கல.”

“கேக்காதீங்க” என்றார் லோகேஸ்வரி, அண்ணியின் இலையில் வடை ஒன்றை வைத்தபடி. “கேட்டா சமைச்சு அனுப்ப வேண்டி வரும்.”