அகலம் போதாது, மாமா

செல்போனில் மாமனாரின் அழைப்பு வந்ததும், மருந்துக் கிடங்கு மேலாளர் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். போனுக்கு ஒளிகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வெட்கக்கேடு வந்தால் அதையும் செய்யச் சொல்லும்.

போன மாதம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதை இது. "ஷேர் மார்க்கெட் எப்படி இருக்கு, மாப்பிள்ளை?" என்று ரிட்டயரான மாமனார் சும்மா கேட்டார். மாப்பிள்ளை வீடியோ பார்த்தே தேறியவர். விடுவாரா?

"குறியீடு ஏறுது மாமா. ஆனா உள்ள பாத்தா, ஏறுற பங்கைவிட இறங்குற பங்குதான் ஜாஸ்தி. நாலு பெரிய கம்பெனி மட்டும் தூக்கிப் பிடிச்சிட்டிருக்கு. சந்தைக்கு அகலம் போதாது. பேசாம வித்துடுங்க."

மறுநாளே, "வித்துட்டேன்" என்றார் மாமனார். அன்றிலிருந்து சந்தை ஏறு ஏறென்று ஏறியது.

இப்போது பெட்டிகளுக்குப் பின்னால் போன் விடாமல் அடித்தது. வேறு வழியில்லாமல் எடுத்தார்.

"இப்ப அகலம் நல்லா இருக்கு மாமா. சின்னது பெருசு எல்லாம் சேர்ந்து ஏறுது. திரும்ப வாங்கிடுங்க."

"அப்படியா? சரி, இன்னைக்கே வாங்கிடறேன்."

அந்த வாரமே சந்தை தலைகுப்புற விழுந்தது.

மேலாளருக்குச் சோறு இறங்கவில்லை. பெரியவரின் ஓய்வுக்காலப் பணமாச்சே. ஆறுதலாக இருக்கட்டுமென்று, "எனக்கும் மொத்தமா போச்சு மாமா" என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார். உண்மையில் அவர் சந்தையில் ஒரு பைசா போட்டதில்லை. இருப்பதெல்லாம் பேங்க் டெபாசிட். அவ்வளவு தைரியசாலி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமனாரும் மாமியாரும் வாசலில் வந்து நின்றார்கள்.

"எங்க வீட்டை விக்கறதுக்கு புரோக்கர்கிட்ட சொல்லிட்டோம்," என்றார் மாமனார். "நீங்க இப்படித் தவிக்கிறப்ப நாங்க எப்படி சும்மா இருக்கிறது?"

மனைவி திரும்பிப் பார்த்த பார்வையில் மேலாளர் பாதியாகிவிட்டார். தரையைப் பார்த்தபடி உளறிக் கொட்டினார்.

"என் பணம் பத்திரமா இருக்கு மாமா. நான் ஷேரே வாங்கினதில்ல. உங்க பணத்தைத்தான் வாயாலேயே அழிச்சுட்டேன். தயவுசெஞ்சு வீட்டை விக்காதீங்க."

திட்டு விழும் என்று காத்திருந்தார். விழவில்லை. மாமனாரும் தலையைக் குனிந்துகொண்டார். மாமியார்தான் கைப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"இவர்கிட்ட மட்டும் ஏது ஷேர், மாப்பிள்ளை? வேற எதைப் பத்திக் கேட்டாலும் 'ம்'னு மட்டும்தானே சொல்றீங்க."