பதினோரு ஏலக்காயும் கழற்றி வைத்த தகரமும்

கொல்லங்கோடு,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய அஷ்ரஃப் மச்சான் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கு நானும் ஜெஸ்னாவும் நலம். ஆனைக்கரையில் தாங்களும் ஐசும்மா அக்காவும் நலமாக இருக்க துஆ செய்கிறோம். என் போனை நீங்கள் எடுப்பதில்லை என்பதால் கடிதம்.

மச்சான், நம் ஷஹானாவின் நிக்காஹுக்கு நானே செய்த ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வந்தேன் அல்லவா? மேடைக்கு ஒரு மைக், பிரியாணி அடுப்படியிலிருந்து ஸ்டோர் ரூமுக்குச் சாமான் கேட்க ஒரு மைக், பழைய ரேடியோவில் பல்பு மாதிரி எரியுமே, அந்த வால்வு ஒவ்வொன்றுக்கும் ஒன்று. இரைச்சல் துளியும் வராது, ஒன்றின் சத்தம் மற்றதில் கலக்காது என்று உங்கள் சம்பந்தி முன்னால் மார்தட்டினேன். முதல் பாதி உண்மை. கலக்காமலிருக்க இரண்டு வால்வுக்கும் நடுவில் பிஸ்கட் டின்னை வெட்டித் தகரத் தடுப்பு வைத்திருந்தேன். இரண்டும் சேர்ந்து சிவப்பாக எரியும் அழகை வந்தவர்கள் பார்க்கட்டுமே என்று அன்று காலை அதைக் கழற்றிவிட்டேன். ஹஜ்ரத் மேடையில் குத்பா ஓதுவதற்கு நடுவே மூச்சுவிட்ட நேரம் பார்த்து, "பொண்ணைப் பெத்தவரு பேருதான் ஏலக்கா யாவாரி. மூணு சட்டிக்குப் பதினோரு ஏலக்கா எண்ணிக் குடுத்திருக்காரு. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க மோந்து பாக்கக்கூட பத்தாதுங்க" என்று பந்தல் முழுக்கக் கேட்டது. கொஞ்சம் இரைச்சல் இருந்திருந்தாலாவது பாதி மறைந்திருக்கும்.

நீங்கள் அடுப்படிக்குப் பாய்ந்து வந்தபோது சமையல் பண்டாரி அனீபா பக்கம் கையைக் காட்டியவன் நான். பாவம், அவர் வாய் நிறைய வெற்றிலை, பதில் சொல்ல முடியவில்லை. சமைத்த மனுஷனைச் சாப்பிடவிடாமல் அனுப்பிவிட்டீர்கள். பேசியது நான்தான் மச்சான். ஜலதோஷத்தில் தொண்டை கட்டியிருந்ததால் உங்களுக்குத் தெரியவில்லை. அனீபா முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு இப்போது பள்ளிவாசலுக்கே சுற்று வழியில் போகிறேன். பதினொன்று என்பதும் என் வாய்க்கொழுப்பு. நீங்கள் தாராளமாகத்தான் கொடுத்தீர்கள்.

என்னை மன்னித்துவிடுங்கள். இது நமக்குள் இருக்கட்டும். படித்ததும் கிழித்துவிடுங்கள். அக்காவுக்கு ஸலாம். மணமக்களுக்கு அல்லாஹ் எல்லா பரக்கத்தும் தரட்டும்.

தலைகுனிந்து,
சிக்கந்தர்.

பி.கு.: தகரத்தைத் திரும்ப மாட்டி, சோதனைக்காக இந்தக் கடிதத்தையே முதல் மைக்கில் படித்துப் பார்த்தேன். இரண்டாவது ஸ்பீக்கரில் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை! முதல் ஸ்பீக்கரை என் ரிப்பேர் கடை வாசலில் பஜாரைப் பார்த்து வைத்திருந்ததுதான் மறந்துபோனது. படித்து முடித்து நிமிர்ந்தால் எதிரே அனீபா. "ஏப்பா சிக்கந்தரு, மச்சானுக்கு மன்னிப்பு. எனக்கு?" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்து ஊருக்கே சொன்னார்: "அவரு குடுத்தது பதினொண்ணு இல்லீங்க, ஒம்பதுதான். ரெண்டு என் கையிலிருந்து போட்டேன்."