மாதத் தேர்வில் ஒரு கரையான்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அன்று காலை பல் தேய்க்கும்போதே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். வாய் கொப்பளித்த கையோடு அதை அறிவிக்கவும் செய்தார்.

"இன்னையிலேருந்து பின்னறை எனக்கு."

அவர் மனைவி தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மிஷின் இருந்ததே அந்தப் பின்னறையில்தான். பன்னிரண்டு வருஷமாக அவள் அங்கே உட்கார்ந்துதான் ஊரார் உடம்புக்கெல்லாம் அளவெடுத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் எங்க போறது?"

"ஹாலுக்குப் போ. வெளிச்சம் இருக்கு, காத்து இருக்கு."

"உங்களுக்கு வெளிச்சமும் காத்தும் வேண்டாமா?"

"கலைக்கு வேண்டாம்" என்றார் கடைக்காரர்.

அது என்ன கலை என்று சொல்லிவிட வேண்டும். பழைய புத்தகங்களை வீட்டில் உட்கார்ந்து உரக்க வாசித்து, பதிவு செய்து, யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கேட்கும்படி இணையத்தில் போடும் தொண்டர் குழு ஒன்று இருக்கிறது. சம்பளம் கிடையாது. மாலை மரியாதை கிடையாது. அதில் நம் கடைக்காரரும் ஓர் உறுப்பினர். எட்டு மாதம் மூச்சைப் பிடித்து அவர் வாசித்து முடித்த புத்தகம், வீட்டைக் கரையானிடமிருந்து காப்பது எப்படி என்பதைப் பற்றியது. மொத்தம் இருபத்து நாலு அத்தியாயம். எழுதியவர் காலமாகி எத்தனையோ வருஷமாயிற்று. அவர் உயிரோடு இருந்திருந்தால் தடுத்திருப்பார்.

வாசித்த இடம் படுக்கையறைத் துணி அலமாரி. துணி இருந்தால் எதிரொலிக்காது என்று குழுவில் யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். தினமும் மத்தியானம் கடையை அடைத்துவிட்டு வருவார். அலமாரிக்குள் புகுந்து, முழங்கால் மோவாயை முட்ட உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொள்வார். இரண்டு காதையும் போர்வை மூடியிருக்கும். மைக் மட்டும் பின்பக்கச் சுவரோரமாக நிற்கும். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் தையல் மிஷின் ஓடக் கூடாது, மிக்ஸி ஓடக் கூடாது, குழாய் சொட்டக் கூடாது. வெந்து வியர்த்து வெளியே வரும்போது பார்த்தால், அவரைத்தான் யாரோ துவைத்துப் பிழிந்த மாதிரி இருக்கும்.

இத்தனை பாடுபட்டு என்ன பலன்? எட்டு மாதத்தில் பதினொரு பேர் கேட்டிருந்தார்கள். அதில் ஒருவர் அவருடைய கைப்பேசி. இன்னொருவர் கடையில் இருந்த கம்ப்யூட்டர்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. கோளாறு தன் குரலில் இருக்கும் என்று அவருக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. பழி முழுக்க அலமாரி மேல் விழுந்தது. நல்ல அறை ஒன்று கிடைத்தால் உலகமே தன் காலடியில், இல்லை, காதடியில் என்று நினைத்தார்.

"சரி, ஒரு பந்தயம்" என்றார். "குழுவில மாசா மாசம் ஒருத்தர் ஒரு பொருளை வச்சு, அதுக்குத் தோதா பத்து ஒலிப்புத்தகம் பரிந்துரை பண்ணுவாங்க, தெரியும்ல? மாதத் தேர்வு. அதுல வந்துட்டா ஆயிரக்கணக்கில கேப்பாங்க. என் புத்தகம் அதுல வந்தா பின்னறை எனக்கு. வரலைன்னா இனிமே மைக்கைத் தொட மாட்டேன்."

மைக்கைத் தொட மாட்டார் என்றதும் அவள் கால் மிதிப்பதை நிறுத்தியது.

"நிஜமாவா?"

"வாக்குன்னா வாக்குதான்."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் ஏனோ சிரித்தாள். "சரிங்க. ஆனா ஒண்ணு. ஜெயிச்சீங்கன்னா அந்த அறையை அறை மாதிரி பண்ணிக்கணும். ஜன்னல் சாத்த வராது. ஃபேன் கடகடங்குது. சுவரெல்லாம் உதிருது. அப்படியே போய் உக்காந்தீங்கன்னா நாளைக்கு என் மேலதான் பழி."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதா? எல்லாத்தையும் சரி பண்ணிடுவேன்" என்றார் கடைக்காரர். மூன்று வருஷமாக அவள் கேட்டு, மூன்று வருஷமாக இவர் காதில் போட்டுக்கொள்ளாத வேலைகள் அவை என்பது அப்போது அவர் நினைவுக்கு வரவில்லை.

அந்த மாதம் தேர்வு செய்யும் முறை அவருடையதுதான். ஆனால் தான் வாசித்த புத்தகத்தைத் தானே பரிந்துரைக்கக் கூடாது என்று குழுவில் ஒரு விதி. சட்டம் இருந்தால் சந்தும் இருக்குமல்லவா? எதிர்வீட்டுப் பல் டாக்டரும் குழுவில் உறுப்பினர். போதாததற்கு, கரையான் புத்தகத்தைப் பிழை இருக்கிறதா என்று முழுதும் கேட்டுச் சரிபார்த்தவரும் அவர்தான். கடைக்காரர் ஒரு புதுக் கண்ணாடி ஃப்ரேமைப் பையில் போட்டுக்கொண்டு சாலையைத் தாண்டினார்.

"டாக்டர், இந்த மாசம் என் முறையை நீங்க எடுத்துக்குங்க. அடுத்த மாசம் உங்க முறையை நான் எடுத்துக்கறேன்."

"ஆகட்டும்."

"அப்புறம்... ஒரு சின்ன உபகாரம். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. என்னோட அந்தக் கரையான்..."

"அதைப் போடாம இருப்பேனா? முதல் இடமே அதுக்குத்தான்" என்றார் டாக்டர். "'வீட்டுக்குள்ளே'ன்னு பொருள் வச்சிருக்கேன். உங்க புத்தகத்தை மனசுல வச்சுத்தான் அந்தப் பொருளையே யோசிச்சேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. கடைக்காரர் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "நிஜமாவே உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்காவா? கிளினிக்கில தினமும் அதுதான் ஓடுது. பல்லைப் பிடுங்கின பிறகும் யாரும் வீட்டுக்குப் போக மாட்டேங்கறாங்க."

ஃப்ரேமைப் பையிலிருந்து எடுக்காமலேயே, தரையில் கால் பாவாமல் கடைக்காரர் வீடு வந்து சேர்ந்தார்.

ஒன்றாம் தேதி மாதத் தேர்வு வெளியானது. பத்தில் முதலாவதாகக் கரையான். பத்து நாளில் பதினொரு பேர் இரண்டாயிரம் பேர் ஆனார்கள். கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. ஆள் வைத்தார். பின்னறைச் சுவர் பூசி வெள்ளை அடித்தார்கள். ஜன்னலுக்குப் புதுச் சட்டம் வந்தது. சத்தமே போடாத ஃபேன் வந்தது. தரைக்குக் கம்பளம் விரித்தாயிற்று. சுவரில் அலமாரித் தட்டு அடித்தாயிற்று. தையல் மிஷின் ஹாலுக்குப் போயிற்று. அவள் முகம் சுளிக்கவில்லை. "அந்த மூலைக்கும் ஒரு விளக்குப் போட்டுடுங்களேன், இருட்டா இருக்கு" என்று யோசனைகூடச் சொன்னாள்.

சாயங்காலம் வந்ததும் ரசிகர் கடிதங்களை அவளுக்கு வாசித்துக் காட்டுவார்.

"கேளு! 'இப்படி ஒரு குரலைக் கேட்டதே இல்லை. குடும்பமே கூடி உட்கார்ந்து கேட்கிறோம்.' இன்னொண்ணு, 'கடைசி அத்தியாயத்தை இப்படியா அந்தரத்தில் விடுவது? சீக்கிரம் அடுத்த புத்தகம் வாசியுங்கள்.'"

"எந்தக் குரல்னு போட்டிருக்கா?"

"அதுல இருக்கறதே ஒரே குரல்தானே!"

அவள் பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

அடுத்த புத்தகத்தைப் புதுப் பின்னறையில் கம்பீரமாக நாற்காலியில் அமர்ந்து பதிவு செய்தார். இது கொசு ஒழிப்பு. கதவைச் சாத்தினால் ஈ பறக்கும் சத்தம்கூட உள்ளே வராது. முதல் மூன்று அத்தியாயங்களை ஏற்றிவிட்டுக் கடையில் மாலைக்குக் காத்திருக்கும் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

முதல் நாளே அறுநூறு பேர் திறந்தார்கள். பத்து நிமிஷத்தைத் தாண்டியவர் ஒரே ஒருவர். வந்த கடிதங்களோ விசித்திரமாக இருந்தன.

'ஏமாற்றம்.'

'மூன்று அத்தியாயமும் கேட்டேன். வெறும் கொசுதான் இருக்கிறது.'

'அந்த அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? மனசு கேட்காமல் எழுதுகிறேன்.'

எந்த அம்மா? கடைக்காரர் நாலு தடவை படித்தார். கண்ணாடியை மாற்றிப் போட்டும் படித்தார். எல்லாக் கண்ணாடியிலும் அம்மா என்றே இருந்தது. கடையைப் பாதி அடைத்துவிட்டு டாக்டரின் கிளினிக்குக்கு ஓடினார்.

காத்திருக்கும் அறை நிறைந்திருந்தது. கன்னத்தைக் கையால் தாங்கியபடி ஏழெட்டுப் பேர் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் அவருடைய சொந்தக் குரல் கணீரென்று ஒலித்தது. கடைக்காரருக்கு உயிர் வந்தது.

"அந்தப் புத்தகத்தை வாசிச்சது நான்தான்..." என்று ஆரம்பித்தார்.

"உஷ்!" என்றது அறை முழுதும்.

கன்னம் வீங்கிய ஒருவர் பக்கத்தில் இடம் கொடுத்து உட்காரவைத்தார். "சும்மா இருங்க சார். ஒன்பதாம் அத்தியாயம். கோட்டு மேட்டர் வருது."

"என்ன கோட்டு?"

"நீங்க புதுசா? ஒரு அம்மா தங்கச்சிகிட்ட போன்ல பேசறாங்க. தைக்க வந்த கோட்டு ஒண்ணு. பாக்கெட்ல கையை விட்டா ஒத்தைக் கம்மல்! கோட்டுக்காரர் பெண்டாட்டியோட கம்மல் இல்ல அது. யாரோடதுன்னு கண்டுபிடிக்கறதுதான் கதை. என்னமா சொல்றாங்க தெரியுமா! இந்த ஆள்தான் குறுக்க குறுக்க கரையான் கரையான்னு கத்தறான். அதைப் பல்லைக் கடிச்சுட்டுப் பொறுத்துக்கணும். பல் இருக்கறவங்க."

கடைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டார். தன் குரலை மட்டுமே கேட்டுப் பழகிய காது அது. இப்போதுதான் முதல் தடவையாக மற்றதைக் கேட்டது. 'ராணிக் கரையான் முட்டையிடும்' என்று அவர் முழங்கியதற்குப் பின்னால், தெள்ளத்தெளிவாக, "அந்த டீச்சர் காதைப் பாத்தேண்டி. ஒரு காதுலதான் போட்டிருந்தா!" என்று அவர் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். அறையே 'ஹா' என்று மூச்சை இழுத்தது.

கடைக்காரருக்கு எல்லாம் விளங்கிற்று. அலமாரி சாய்ந்து நிற்பது பின்னறைச் சுவர் மேல். அது சுவர்கூட இல்லை, பலகைத் தடுப்பு. மைக் இருந்ததோ அந்தத் தடுப்பை ஒட்டி. மிஷின் ஓடக் கூடாது என்று இவர் உத்தரவு போட்ட ஒரு மணி நேரமும் அவள் கையைக் கட்டிக்கொண்டா உட்கார்ந்திருப்பாள்? தங்கையைக் கூப்பிட்டிருக்கிறாள். இருபத்து நாலாம் அத்தியாயத்தில் அவள், "கம்மல் யாரோடது தெரியுமா? வேற யாரும் இல்லடி..." என்று ஆரம்பிக்கும்போது, இவர் 'முற்றும்' என்று சொல்லி மைக்கை அணைத்துவிட்டார். இரண்டாயிரம் பேர் அந்தரத்தில் நின்றது கரையானுக்காக அல்ல.

வீட்டுக்கு வந்தவர் நேரே ஹாலில் போய் நின்றார். முகத்தில் அசடு வழிந்தது.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"அஞ்சாம் அத்தியாயத்திலேயே தங்கச்சி சொல்லிட்டா. போன்ல கேக்கறதைவிட அதுல தெளிவா கேக்குதாம்."

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்கதான் பதிவு நடக்கும்போது பேசக் கூடாதுன்னீங்க."

"பேசிட்டுத்தானே இருந்தே!"

"உங்ககிட்ட பேசலையே."

கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொசுவுக்கு இன்னும் பதினேழு அத்தியாயம் பாக்கி. கேட்க ஆளில்லாமல் வாசிப்பதை நினைத்ததும் நிஜமாகவே அழுகை வந்தது. வெட்கத்தை விட்டார்.

"இங்க பாரு, நான் வாசிக்கும்போது நீ பக்கத்துல உக்காந்து... தங்கச்சிகிட்ட பேசேன்."

"ஹால்ல நிறைய வேலை கிடக்குதுங்க."

"வேலையை அங்கேயே கொண்டு வாயேன்!"

"மிஷினையுமா? சத்தம் வருமே."

"வரட்டும்!"

"ஜன்னலோரமாத்தான் போடணும். மேஜையும் வேணும். துணி வைக்க அந்தப் புது அலமாரித் தட்டும் வேணும். நீங்க கதவுக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டுக்குங்க. அளவு குடுக்க யாராவது வந்தா வெளிய போயிடணும்."

"எல்லாத்துக்கும் சரி."

அன்று சாயங்காலமே அவரே மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னறை ஜன்னலோரம் வைத்தார். அவள் புது ஃபேனுக்குக் கீழே, புது விளக்கு வெளிச்சத்தில், கம்பளத்தில் காலை நீட்டி உட்கார்ந்து சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். "வெள்ளை அடிச்சது நல்லா இருக்குங்க" என்றாள். கோட்டு விவகாரத்தைக் கொசு எட்டாம் அத்தியாயத்தில் சொல்வதாகவும் ஒப்புக்கொண்டாள்.

அடுத்த மாதமும் டாக்டரே தேர்வு செய்தார். தன் முறை தனக்கே வேண்டும் என்று பிடிவாதமாகத் திரும்ப வாங்கிக்கொண்டார். பொருள்: 'இரண்டாம் முறையும் கேட்கலாம்'. பட்டியலின் உச்சியில் மறுபடியும் கரையான். பக்கத்தில் ஒரு குறிப்பு: 'பின்னணி இரைச்சலை முழுதும் நீக்கிய புதிய பதிப்பு. குழுத் தொண்டர்கள் நால்வரின் மூன்று வார உழைப்பு.'

கடைக்காரருக்கு நெஞ்சு விம்மியது. கடைசியில் நல்லவர்கள் நாலு பேருக்காவது தன் அருமை தெரிந்துவிட்டது. போன் பேச்சையெல்லாம் வழித்தெடுத்துவிட்டுத் தன் குரலைத் தனியே பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். கண் பரிசோதனைக்கு வந்திருந்த இரண்டு பேரையும் நாற்காலியில் அமர்த்தினார். கடைக் கம்ப்யூட்டரில் சத்தத்தைக் கூட்டி வைத்து, கைகட்டி நின்று கேட்டார்.

முக்கால் மணி நேரம் கேட்டார். கோட்டு வந்தது, கம்மல் வந்தது, டீச்சரும் வந்தாள். கரையான் வரவில்லை. அவரும் வரவில்லை.