சம்பந்தி வீட்டு மைக்

திருவரங்குளம்,
ஞாயிறு மாலை.

பேரன்புள்ள மைத்துனர் சரவணக்குமார் அவர்களுக்கு,

உங்கள் அக்காள் வீட்டுக்காரன் ஆத்மநாதன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் பரிமளாவும் சுகம். என் காதுகள் மட்டும் இன்னும் முழுச் சுகமடையவில்லை. சிங்கப்பூரில் நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாயிருக்க ஈசனை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லலாம்தான், உங்கள் அக்காள் பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்துவாள். அதனால்தான், வேன் வரும்வரை மண்டபத்தில் மைக் செட்டுக்குக் காவலிருக்கும் நேரத்தில் இந்தக் கடிதம்.

நம் பெண் இலக்கியாவின் நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. முடிந்ததே பெரிய காரியம். நீங்கள் விட்டுப்போன மைக் செட்டை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டு, ஒரு மாதமாக வீடியோ காலில் உங்களிடம் பாடம் படித்தேன் அல்லவா? "மச்சான், மொதல்ல ஒயரைப் பாருங்க. அப்பறம் கெயினைத் திருகுங்க. கடைசியாத்தான் பேடரைத் தள்ளணும்" என்று நீங்கள் சொன்னதை மனப்பாடமே செய்திருந்தேன். ஆனால் சம்பந்தி வீட்டாரைப் பற்றி அந்தப் பாடத்தில் ஒரு வார்த்தைகூட இல்லையே!

தட்டு மாற்றும்போது இரண்டு வீட்டுப் பெண்களும் சேர்ந்து வாழ்த்துப் பாட வேண்டும் என்று ஏற்பாடு. நம் பக்கம் என் தங்கை பிரகதீஸ்வரி. அவர்கள் பக்கம் சம்பந்தி நாகராசுவின் அக்கா முத்துமாரியம்மாள். அடுத்தடுத்து இரண்டு மைக் நிறுத்தினேன். தங்கையின் மைக்கில் ஹலோ சொல்லிப் பார்த்தேன். சம்பந்தி வீட்டு மைக்கில் நாம் முதலில் பேசுவது மரியாதையில்லை என்று, அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, புதுத் துண்டு போர்த்தி, தொடாமல் விட்டுவிட்டேன்.

பாட்டு ஆரம்பித்தது. பிரகதீஸ்வரிக்குக் கொசுக் குரல். அந்த அம்மாள் பாடினாலோ ஆலங்குடி வரைக்கும் கேட்கும். ஆகவே தங்கையின் பேடர் பொத்தானை நன்றாக மேலே தள்ளி, அவருடையதைக் கீழே வைத்தேன். இரண்டு குரலும் அழகாகக் கலந்து வந்தன. எனக்கே புல்லரித்தது. அந்த நேரம் பார்த்து நாகராசு என் முன்னால் இருந்த மிக்சர் பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"என்னங்க சம்பந்தி, ஒங்க தங்கச்சி பொத்தான் மேலே நிக்குது, எங்க அக்கா பொத்தான் கீழே கெடக்கு? மாப்பிள்ளை வீட்டுக்குக் குடுக்குற மரியாதை இதானா?"

"அதில்லைங்க, கொரலுக்குத் தக்கன..." என்று இழுத்தேன்.

"எங்க அக்கா கொரலுக்கு என்னங்க கொறைச்சல்?"

குறைச்சல் இல்லாததுதான் சிக்கல் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அவசரமாக இரண்டையும் சமமாக்கினேன். இதைக் கண்ட உங்கள் அக்காள் விடுவிடுவென்று வந்து, "நம்ம பக்கம் மட்டும் என்ன எளப்பமா?" என்று தங்கையுடையதை ஒரு விரற்கடை ஏற்றினாள். நாகராசு தம் பங்குக்கு ஏற்றினார். இப்படியே மாறி மாறி இரண்டும் உச்சிக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றன. கொய்ங் என்று ஓர் அலறல்! தட்டிலிருந்த தேங்காய் உருண்டோடியது. "சகுனமே சரியில்லையே" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. தட்டு பாதியில் நின்றது. இலக்கியா என்னைப் பார்த்து, "அப்பா, ஏதாச்சும் பண்ணுங்கப்பா" என்றாள்.

அப்போதுதான் உங்கள் கெயின் பாடம் நினைவுக்கு வந்தது. மேல் வரிசையில் இருக்கும் அந்தச் சின்னக் குமிழும் சத்தத்தைக் குறைக்கும்; ஆனால் அது ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை; இருந்த இடத்திலேயே சுற்றுகிறது. அதனால் அதில் யாருக்கும் மானம் போவதில்லை. பேடர்களை உச்சியிலேயே விட்டுவிட்டு, குமிழ்கள் இரண்டையும் நைசாகத் திருகிக் குறைத்தேன். அந்த அம்மாளுடையதைக் கொஞ்சம் கூடுதலாகவே. அலறல் அடங்கியது. "இப்பத்தான் எங்க அக்கா கொரல் எடுப்பா வருது. இதை மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல?" என்று நாகராசு மலர்ந்தார். தட்டு மாறியது. இலக்கியா சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிக்சரைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

ஆகவே கல்யாணத்துக்கு வெளியாள் யாரும் வேண்டாம். தொழில் எனக்குக் கைவந்துவிட்டது. நீங்கள் லீவை வீணாக்காமல், முகூர்த்தத்தன்று காலையில் தாய்மாமனாக வந்து இறங்கினால் போதும்.

உங்கள் வீட்டில் எல்லாச் சத்தமும் அளவாகவும் இனிமையாகவும் கேட்க ஆசீர்வதிக்கும்,
ஆத்மநாதன்.

பி.கு.: வேன் வந்துவிட்டது. ஒயர்களைச் சுற்றப் போனேன். முத்துமாரியம்மாள் மைக்கின் ஒயர் மிக்சரில் செருகப்படவே இல்லை. மேசைக்கு அடியில் ரப்பர் பேண்டோடு கிடக்கிறது. நாகராசு ஏற்றியதும் நான் குறைத்ததும் வெறும் பொத்தான். அந்த அம்மாள் பாடியது முழுக்கச் சொந்தத் தொண்டையில். அவரோ போகும்போது, "கல்யாணத்துக்கும் எனக்கு இதே மைக்தாங்க வேணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கிடைக்கிற லீவையெல்லாம் எடுத்துக்கொண்டு முன்கூட்டியே வந்து, மிக்சரில் நீங்களே உட்காருங்கள். அந்த ஒயரை மட்டும் செருகிவிடாதீர்கள்.