செவப்பட்டை சாரின் இங்கிலீஷ்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எத்தனையோ கம்பெனிகள். கார் வெளியே வருகிறது, டயர் வருகிறது, கண்ணாடி வருகிறது. ஆனால் ஒழுங்கான ஓர் இங்கிலீஷ் வாக்கியம் மட்டும் இந்த வட்டாரத்தில் உற்பத்தியாவதே இல்லை என்று கண்டுபிடித்தவர் ஒரே ஒருவர்தான். எங்கள் செவப்பட்டை சார்.

கார் சீட்டுக்கு இரும்பு ஃப்ரேம் செய்யும் கம்பெனி எங்களுடையது. நான் ஸ்டோர்ஸில் இருந்தேன், அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பழுதான ஃப்ரேமில் சிவப்பு அட்டை கட்டுவது அவர் வேலை, பட்டப்பெயரும் அதில் வந்ததுதான். அட்டையில் இரண்டு கட்டம் இருக்கும்: என்ன குறை, என்ன முடிவு. திருத்த முடிந்தால் ரிவொர்க், முடியாவிட்டால் ஸ்க்ராப். நல்ல சரக்குக்குப் பச்சை அட்டை. சிவப்பு அட்டை தொங்கும் எதையும் முதலாளியே வந்தாலும் தொடக்கூடாது என்பது எங்கள் ஷெட்டின் சட்டம்.

மனிதர் ஃப்ரேமோடு நின்றிருந்தால் நான் இதை எழுதவே வேண்டியதில்லை. நோட்டீஸ், லீவ் லெட்டர், சூப்பர்வைசர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை என்று இங்கிலீஷ் தென்பட்ட இடத்திலெல்லாம் அட்டை கட்டினார்.

“ஒரு போல்ட்டு அர மில்லி நீளமா கீதுன்னா தூக்கி ஸ்க்ராப்ல போடறோம்ல? ஒரு சென்டன்ஸு அர பக்கம் நீளமா கீது, அதுக்கு மட்டும் இன்னா மருவாதி?” என்பார்.

இவ்வளவும் பேசுகிறவர் லண்டனில் படித்தவர் அல்ல, வடக்குப்பட்டுக்காரர். ஐ.டி.ஐ. முடித்தவர். கம்பெனியில் முதலில் வந்திறங்கிய, இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷினோடு வந்த கையேடுதான் அவருக்கு வாத்தியார். அதைப் பிரம்பு மாதிரி சுருட்டிக் கையில் வைத்திருப்பார்.

“‘டு நாட் இன்சர்ட் ஹேண்ட்.’ நாலே வார்த்த. இதுல ஒண்ண எடுத்துடு பாப்போம், கை பூடும். இங்கிலீஷுன்னா அது. இப்ப போன்ல இன்னா எழுதறானுங்க? மின்னாடி ‘ஓகே’ன்னு ரெண்டு எழுத்து போட்டானுங்க. இப்ப ‘கே’ மட்டும்தான். நாளைக்கு மூச்சு வுட்டுக் காட்டுவானுங்க போல.”

ஒரு நாள் கேன்டீனில் சாப்பாட்டை வீணாக்காதீர்கள் என்று இங்கிலீஷில் ஒரு போர்டு புதிதாக மாட்டினார்கள். அதில் அவர் குறை கண்டுபிடித்து அட்டை கட்டிவிட்டுப் போய்விட்டார். போர்டு இருந்தது சாம்பார் அண்டாவுக்கு நேர் மேலே. கயிறு கொஞ்சம் நீளம், அட்டை அண்டா விளிம்பில் வந்து உட்கார்ந்துகொண்டது. முதல் ஷிப்ட் முழுக்க வரிசையில் வந்தது, அட்டையைப் பார்த்தது, தயிருக்கு நகர்ந்தது. பயிற்சி அப்படி. கேன்டீன்காரர் குவாலிட்டி ரூமுக்கு ஓடி வந்தார்.

“சார், சாம்பார்ல இன்னா சார் குறை?”

“சாம்பார யாருய்யா சொன்னா? போர்டப் படி.”

“போர்டு கெடக்குது சார். மீதி ஆளுங்களுக்குத் தயிருக்கு நான் எங்க போவேன்?”

“அத மின்னாடியே யோசிச்சி எழுதியிருக்கணும்.”

தென்காசியிலிருந்து வந்த மாரிமுத்து, ஊர்க் கோயில் கொடைக்கு இரண்டு நாள் லீவ் கேட்டு எழுதினான். ‘காட் இஸ் கமிங் ஆன் மை மதர், ஸோ ப்ளீஸ் லீவ்’ என்று. அட்டையில் சார் எழுதிய குறை: ‘எந்தக் கடவுள்? எத்தனை மணிக்கு?’ முடிவு: ரிவொர்க்.

மாரிமுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ஏன் சார், சாமி ரிவொர்க் ஆகி வார வரைக்கும் எங்கம்மை ஆடாம நிப்பாளா?”

அவர் அட்டை தொடாத ஒரே ஆள் புரொடக்‌ஷன் இன்ஜினியர். சென்னையில் கான்வென்டில் படித்த பையன். சார் அவன் மெயிலைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போய், படப்பை போகும் கம்பெனி பஸ்ஸில் எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். தூங்குகிறவனையும் தட்டி எழுப்பி வாசிப்பார்.

அப்போதுதான் செல்வி விஷயம் வந்தது. காண்ட்ராக்ட் ஆபரேட்டர், நான்காம் பிரஸ்ஸில் வேலை. அந்த வாரம் அவளுடைய காண்ட்ராக்டைப் புதுப்பிக்க வேண்டும். கை உள்ளே இருந்தால் பிரஸ் இறங்காமல் ஒரு சென்சார் தடுக்கும். அன்று காலை அது தடுக்கவில்லை. கிளவுஸின் விரல் நுனி நசுங்கியது, விரல் தப்பியது. பிளான்ட் ஹெட்டுக்குத் தமிழ் தெரியாது என்பதால் எல்லாம் இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். செல்வி எழுதினாள்: ‘சென்சார் நோ ஒர்க். ஹேண்ட் இன்சைட், பிரஸ் டவுன் கமிங். காட் சேவ். ப்ளீஸ் சீ.’

சென்சாருக்குப் பொறுப்பான இன்ஜினியரும் எழுதினான். ஒரு முழுப் பக்கம். சென்சாரில் கோளாறு இல்லை, ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று. அது மேலே போனால் செல்விக்கு வேலை இல்லை. இரண்டு தாளும் குவாலிட்டி கையெழுத்துக்காகச் சாரின் மேஜைக்கு வந்தன.

அவள் புது கிளவுஸ் வாங்க என் கவுன்டருக்கு வந்தாள். “இவுரு என் இங்கிலீஷப் பாத்தார்னா அத்தோட வுட்டுடுவாருண்ணே. மிஷின எங்க பாக்கப் போறாரு?” என்றாள். நான் கிளவுஸ் எடுக்க ரேக் பக்கம் திரும்பினேன்.

எதிர் ரூமில் அவர் இன்ஜினியரின் தாளைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவையும் வாசித்தார். “இன்னா எழுத்துய்யா, வெண்ண மாதிரி போவுது,” என்றார். செல்வி கிளவுஸை வாங்காமலே திரும்பிப் போனாள்.

பிறகு அவளுடைய தாளைப் படித்தார். எழுந்து, ஹவுஸ்கீப்பிங் அம்மாவின் கையிலிருந்த மாப்புக் கட்டையை வாங்கிக்கொண்டு நேராக நான்காம் பிரஸ்ஸுக்கு நடந்தார். பின்னாலேயே நாங்கள். கட்டையை உள்ளே நீட்டிக்கொண்டு பட்டனை அழுத்தச் சொன்னார். பிரஸ் இறங்கியது. கட்டையின் பாதி அப்பளம் மாதிரி தட்டையாக வெளியே வந்தது.

மீதிப் பாதியோடு திரும்பி வந்து இன்ஜினியரின் தாளில் சிவப்பு அட்டை கட்டினார். குறை: ‘இங்கிலீஷில் குறை ஒன்றும் இல்லை. விஷயம் பொய்.’ முடிவு: ஸ்க்ராப். செல்வியின் தாளில் பச்சை அட்டை. இரண்டையும் அந்தக் கட்டையோடு சேர்த்து பிளான்ட் ஹெட் மேஜையில் வைத்துவிட்டு வந்தார். மறுநாள் புது சென்சார் வந்தது. அந்த வாரமே செல்வியின் காண்ட்ராக்டும் புதுப்பிக்கப்பட்டது. இன்ஜினியர் அதற்குப் பிறகு எதையும் இரண்டு வரிக்கு மேல் எழுதவில்லை.

செல்வி அவரைத் தேடி வந்தாள். நன்றி சொல்ல வந்தவள் வேறு எதையோ கேட்டாள். “சார், மெய்யாலுமே நான் எழுதனதுல தப்பே இல்லியா?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “பதினோரு தப்பு கீதும்மா. எண்ணிப் பாத்துட்டுத்தான் கையெழுத்து போட்டேன். போ, லைன் ஓடிகினு கீது.”

அந்தப் பதினொன்று என்னென்ன என்று பஸ்ஸில் எத்தனையோ முறை நான் கேட்டுவிட்டேன். அடுத்தவர் தப்பைச் சொல்லாமல் ஒரு டீ குடிக்க முடியாத அந்த மனிதர், அதை மட்டும் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.