மாமன் மடிக்கு ஆள் மாற்றிய விவரம்

அன்புத் தங்கச்சி அமுதவல்லிக்கு, அண்ணன் ஆண்டியப்பன் எழுதுவது. இங்கு நானும் ஆத்தாவும் ஆடுகளும் சுகம். உன் சுகமும், மாப்பிள்ளை வெற்றிச்செல்வன் சுகமும், மருமகள் ஹரிணிக்குக் காதுப் புண் ஆறிய சேதியும் அறிய ஆவல்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். குன்றாண்டார்கோவில் பக்கம் நம் சாமி கோயிலில் ஹரிணிக்குக் காது குத்தியபோது எனக்கு வயிற்றுப்போக்கு இல்லை. கழிப்பறைக்குள் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். உன் கொழுந்தனார் கதவைத் தட்டி உப்புச்சர்க்கரைத் தண்ணீர் நீட்டினார், அதையும் வாங்கிக் குடித்தேன், நன்றாகவே இருந்தது. தாய்மாமன் சபையில் இல்லாமல் போனானே என்று நீ அழுதாயாம். போனில் சொன்னால் உன் மாமியார் ஸ்பீக்கரில் போடச் சொல்லும், அதனால்தான் கடிதம்.

விஷயம் என் நிழல். அது பிந்தி வரும் என்று உனக்கே தெரியும். நான் டீ குடித்து வீட்டுக்கு வந்த பிறகும் அது கடை பெஞ்சிலேயே இருக்கும். டீக்கடை நிலவழகன் போன் போடுவான், "அண்ணே, ஒங்க நெழலு இன்னும் எந்திரிக்கல. ஆளுக உக்காரப் பயப்படுறாங்க, வந்து கூட்டிட்டுப் போங்க." பெண் பார்க்கப் போனால், நான் கேசரி தின்று முடித்த பிறகு அது வந்து, என்னிடம் வராமல் நேரே பெண்ணின் பக்கத்தில் போய் உட்காரும். போன வீட்டிலெல்லாம் இதே கூத்து, அதனால்தான் இன்னும் ஒண்டிக்கட்டை.

உனக்குச் சொல்லாதது ஒன்று உண்டு. இது ஆத்தா வழி ரத்தம், மாமனிடமிருந்து மருமக்களுக்குத்தான் போகும். காது குத்துகையில் முதல் சொட்டு ரத்தம் மாமன் நிழல்மேல் விழுந்தால் பிள்ளைக்கு ஏறிவிடும். எனக்கு, ஆத்தாவின் தம்பி திருப்பதி மாமா மடியில் ஏறியது. அவர் செத்த அன்றைக்கு, எரித்துவிட்டு வந்து, குளித்து, எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம், அவர் நிழல் அப்போதுதான் கடலைக் கொல்லையிலிருந்து திரும்பி வருகிறது. கால் கழுவுகிற இடத்தில் கொஞ்சம் நின்றது. பிறகு வந்து சுவரோரம் உட்கார்ந்தது. ஆத்தா அழக்கூட இல்லை. "பசிச்சு வந்திருக்கும்" என்று ஒரு தட்டில் சோறு வைத்தது. விடிந்ததும் நிழலும் இல்லை, சோறும் இல்லை. அந்தத் தட்டை இன்றுவரை யாரும் தொடுவதில்லை.

ஹரிணி பள்ளிக்கூடத்துக்குள்ளும் அதன் நிழல் தெருமுனையிலுமாக வந்தால் எந்தப் பிள்ளை அதோடு விளையாடும்? அதனால் சித்தப்பா மகன் நாகராசுவைப் பிடித்தேன். அவனும் உனக்கு அண்ணன்தான், ஆனால் ஆத்தா வழி ரத்தம் கிடையாது.

"டேய், மாமன் எடத்துல நீ உக்காருடா."

"மாமனுக்கு எடுத்த பட்டு வேட்டி யாருக்குண்ணே?"

"ஒனக்குத்தான்."

"அப்ப ஒங்களுக்கு வயித்தால போகுதுன்னு நானே எல்லார்ட்டயும் சொல்லிர்றேன். நீங்க செரமப்படாதீங்க."

ஆக, இந்த ரத்தம் என்னோடு நின்றுவிட்டது, தங்கச்சி. இனிப் பயமில்லை. பிள்ளை வெயிலில் நிம்மதியாக ஓடட்டும். நம் சாமி துணையிருக்கும், நீங்கள் எல்லோரும் நன்றாக இருங்கள். உன் மாமியாருக்கு என் வயிறு தேவலை என்று சொல், கேட்காவிட்டாலும் சொல்.

அண்ணன்,
ஆண்டியப்பன்

பின்குறிப்பு: மாப்பிள்ளை அனுப்பிய காதுகுத்து வீடியோவை இப்போதுதான் பார்த்தேன். பிள்ளை நாகராசு மடியில்தான் இருக்கிறது. அவன் வழுக்கை. ஆனால் தரையில் விழுந்த நிழலுக்குத் தலை நிறைய முடி, கழுத்து என்னுடையதுபோல இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. நான் ஒளியப் போன பிறகு அது பிந்தி வந்து, மாமன் இடத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறது. சொட்டும் அதன்மேல்தான் விழுந்தது. நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போய்விட்டாய். பிள்ளையின் நிழல் மட்டும் இன்னும் என் நிழலின் மடியில் உட்கார்ந்து காதைத் தடவிக்கொண்டிருக்கிறது. நன்றாகப் பார்க்கலாமென்று அடுப்பு வெளிச்சத்தில் குனிந்ததில் செல் மீன்குழம்புக்குள் விழுந்துவிட்டது. எடுத்துத் துடைத்து அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன்.