பரிசீலனையில் உள்ள ஜவ்வரிசி

தஞ்சாவூரில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக்குக் 'காவேரி வியூ' என்று பெயர். காவேரி தெரியாது. மொட்டை மாடியில் ஏறி நின்றால் திருவையாறு போகும் பஸ் தெரியும். அந்த பஸ் காவேரியைப் பார்ப்பதால் பெயர் செல்லுபடியாகும் என்று எங்கள் குடியிருப்போர் நலச்சங்கம் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது.

இந்த வீட்டைவிட்டு என்னை நகர்த்திவிடுவது என்று பெங்களூரில் இருக்கும் என் மகள் ஸ்ம்ருதி நினைத்துக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூர் பக்கம் முதியோருக்கென்றே ஒரு வளாகம் கட்டியிருக்கிறார்களாம். காலையில் யோகா, மாலையில் பஜனை, நடுவில் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். எனக்குப் போக விருப்பமில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. இங்கே எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்று இருட்டிலும் தெரியும்.

"அதுதாம்ப்பா பிரச்சினை," என்றாள் போனில். "அம்மா போனதுலேருந்து நீங்க புதுசா ஒண்ணையும் தொடலை. ஒரு அவசரம்னா என்ன பண்ணுவீங்க? எப்படித் தனியா விடறது?"

"யார் சொன்னது? நான் மாட்சா பபிள் டீ போடறேன்."

இதை ஏன் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அன்று காலைப் பேப்பரில் அதன் படம் வந்திருந்தது. பச்சையாக ஒரு பானம், அடியில் கறுப்பாக உருண்டைகள், நடுவில் விரல் கனத்துக்கு ஒரு ஸ்ட்ரா. அதைத் தவிர எனக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

அவள் உடனே விசாரணையில் இறங்கினாள்.

"வீட்டுலயா?"

"வீட்டுலதான். வெளியில சுத்தமா இருக்காது."

"சரி. சனிக்கிழமை வரேன். போட்டுக் குடுங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்."

இவ்வாறாக என் எஞ்சிய காலம் ஒரு டம்ளர் டீயைச் சார்ந்ததாயிற்று.

நாகரிக பானங்களுக்கு நான் புதியவன் அல்ல. பாட்டிலில் காளான் வளர்த்து அந்தத் தண்ணீரைக் குடித்த காலம் உண்டு. பிறகு அருகம்புல் வந்தது, நோனி வந்தது, கிரீன் டீ வந்தது. ஒவ்வொன்றும் சர்க்கரையைக் குறைக்கும் என்றார்கள். எல்லாவற்றையும் முறைப்படி குடித்தேன். சர்க்கரை தன் கடமையைத் தொடர்ந்து ஆற்றிவருகிறது. எதையும் குறைப்பதாக வாக்களிக்காமல், வெல்லப்பாகோடு நேர்மையாக வருகிற முதல் பானம் இது என்பதால் மாட்சாமேல் எனக்கு மரியாதை உண்டாயிற்று.

மாட்சா என்ற ஜப்பான் பச்சைத் தேயிலைப் பொடி கூரியரில் வந்தது. குங்குமச் சிமிழ் அளவு டப்பா. உருண்டைக்கு மரவள்ளிக்கிழங்கு மாவைப் பிசைந்து உருட்ட வேண்டும் என்று யூடியூபில் ஒரு பெண் சொன்னாள். அந்தக் கிழங்கிலிருந்து வருவதுதானே ஜவ்வரிசி. யாரோ ஏற்கெனவே உருட்டி வைத்திருப்பதை மறுபடி மாவாக்கி உருட்டுவது அரசாங்கத்துக்குக் கட்டுப்படியாகும். தனி ஆளுக்கு ஆகாது. ஹாஜா மைதீன் கடையில் பெரிய ஜவ்வரிசியாக வாங்கி, ஊறவைத்து, பாகில் புரட்டினேன். அதுவரை தவறில்லை.

அதற்குப் பிறகு, ஜவ்வரிசியைக் கையில் எடுத்த இந்த ஊர்க்காரன் எவனும் செய்வதைச் செய்தேன். மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், வெள்ளை வேட்டியில் பரப்பி, வெயிலில் காயப்போட்டேன். யூடியூப் பெண் அப்படிச் சொல்லவே இல்லை. கைகள் தாமாகச் செய்தன. மூலைகளில் கல் வைத்து, காக்காய்க்குப் பயம் காட்டக் கறுப்புக் குடையும் விரித்து வைத்துவிட்டு வந்தேன்.

மாலையில் சங்கத் தலைவர் ஹரிஹரசுப்ரமணியன் கதவைத் தட்டினார். துணை தாசில்தாராக இருந்தவர். தாம் ஓய்வுபெற்றுவிட்ட தகவல் அவருக்கு இன்னும் முறைப்படி வந்து சேரவில்லை. பின்னால் செயலாளர் சிங்காரவேலு, மூன்றாம் மாடி, வேளாண்மைத் துறையில் இருந்தவர்.

"சாமா, ஸ்தல விசாரணைக்கு வந்திருக்கோம். மாடியில ஆட்டுப் புழுக்கை காயறதா வாய்மொழிப் புகார்."

"புழுக்கை இல்லை. ஜவ்வரிசி."

"ஜவ்வரிசி வெள்ளையால்ல இருக்கும்?"

"வெல்லத்துல புரட்டினது."

"எதுக்கு?"

"டீயில போட."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மனைவி போய்த் தனியாக இருப்பவனைப் பற்றி இப்படிப் பார்த்துக்கொள்வது வழக்கம்தான். எனக்குப் பழகிவிட்டது.

மாடிக்குப் போனோம். தலைவர் குடைக்குக் கீழே குனிந்தார்.

"வடாம்னா அனுமதி தேவையில்லை. உரம்னா தரைத்தளத்துலதான் வைக்கணும். மருந்துன்னா டாக்டர் சீட்டு வேணும். இது எந்த இனம்?"

"பானம்."

"பானத்தை யாராவது வேட்டியில காயப்போடுவாங்களா?"

நியாயமான கேள்வி.

சிங்காரவேலு ஒன்றை எடுத்து, நெல்லைக் கடிப்பதுபோல முன்பல்லில் வைத்துக் கடித்தார். "ஈரப்பதம் இருபத்திரண்டு இருக்கும் சார். கொள்முதல்ல பதினேழுக்கு மேல எடுக்க முடியாது."

"உங்களை யாரு எடுக்கச் சொன்னா?" என்றேன்.

"யாரும் சொல்லலைன்னாலும் எடுக்க முடியாது."

தலைவர் நிமிர்ந்தார். "இறுதி வடிவத்தைப் பார்க்காம இனம் பிரிக்க முடியாது. தயாரிச்சுக் காட்டுங்க. அதுவரைக்கும் இந்த விவகாரம் நிலுவை."

"சனிக்கிழமை என் பொண்ணுக்குப் போடறேன்."

"அப்ப சனிக்கிழமையே கூட்டுத் தணிக்கை. நாலு மணி. சிங்காரவேலு, நாற்காலி நாமளே கொண்டுவந்துடலாம். அவர் வீட்டு நாற்காலி ஆடும்."

சனிக்கிழமை காலையில் ஸ்ம்ருதி வந்தாள். மாத்திரை அட்டைகளில் தேதி பார்த்தாள். குளியலறைத் தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தாள். நாலு மணிக்கு இருவரும் நாற்காலியோடு வந்தார்கள். நான் சமையலறைக்குள் போனேன்.

பொடி என்றால் ஃபில்டர் என்பது என் புத்தியில் பதிந்த விதி. என் மனைவி ஜகதாம்பாள் வைத்துவிட்டுப் போன பித்தளை ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் மாட்சாவைக் கொட்டி, அமுக்கி, வெந்நீர் விட்டு மூடினேன். டிகாக்‌ஷன் இறங்கக் காத்திருந்தோம்.

"இறங்கிடுச்சா?" என்றார் தலைவர்.

நான் திறந்து பார்த்தேன். கீழே ஒரு சொட்டு இல்லை. மாட்சா சந்தனம்போல மசிந்து எல்லா ஓட்டைகளையும் அடைத்துக்கொண்டிருந்தது.

"மேல மதகு திறந்தாச்சு சார்," என்றார் சிங்காரவேலு. "கடைமடைக்குத்தான் வரலை."

"வரும். முறை வச்சு விடறாங்களோ என்னவோ," என்றார் தலைவர்.

வரவில்லை. மேலே இருந்த பச்சைச் சேற்றைக் கரண்டியால் வழித்துப் பாலில் போட்டு, ஜவ்வரிசியை ஒரு கொதி விட்டுச் சேர்த்து, நுரை வேண்டுமே என்று டம்ளருக்கும் டவராவுக்குமாக ஒரு முழம் தூக்கி ஆற்றினேன். இரண்டு உருண்டைகள் சிங்காரவேலுவின் சட்டைப்பையில் போய் விழுந்தன. கனமான ஸ்ட்ரா கிடைக்காததால் பப்பாளி இலைக் காம்பைக் கழுவி நறுக்கி வைத்திருந்தேன்.

சிங்காரவேலு சட்டைப்பையில் கைவிட்டு, நெற்பயிரின் பச்சையை ஒத்துப் பார்க்கும் வண்ண அட்டையை எடுத்து டம்ளரோடு சேர்த்துப் பிடித்தார். "வெளுப்பா இருக்கு. யூரியா பத்தலை."

ஸ்ம்ருதி காம்பு வழியாக உறிஞ்சினாள். மென்றாள். வெகுநேரம் மென்றாள். பிறகு போனை எடுத்து டம்ளரைப் படம் பிடித்தாள்.

"அப்பா, நிஜமாவே போட்டுட்டீங்க. ஸ்ட்ரா கூட ஆர்கானிக்."

என் ஸ்விட்சுகள் எல்லாம் என்னிடமே திரும்பி வந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது.

"இப்ப எனக்குக் கவலையே இல்லை," என்றாள். "புது இடத்துல நீங்க ஒட்ட மாட்டீங்களோன்னுதான் தயங்கிட்டிருந்தேன். இவ்வளவு மாறிட்டீங்கன்னா கோயம்புத்தூர் ஒரு விஷயமே இல்லை. அங்க கஃபே கூட இருக்காம்."

நான் சிங்காரவேலுவைப் பார்த்தேன். இரக்கமுள்ள மனிதர். உடனே எழுந்தார்.

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. ஃபில்டர் அடைச்சுப்போச்சு. உருண்டை வேகலை. நிறமும் சரியில்லை. மொத்தத்துல அப்பாவுக்கு இது வரலை."

"அப்படியா அங்கிள்? அப்பன்னா தனியா விடவே கூடாது."

செய்யத் தெரிந்தால் போகலாம்; தெரியாவிட்டால் போயே ஆகவேண்டும். ஸ்ம்ருதி ஏதோ கம்பெனியில் ஆட்களை வேலைக்கு எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். தாலுகா ஆபீஸ் வாசலைக் கூட மிதித்ததில்லை. ஆனாலும் தலைவர் அவளைப் பார்த்த பார்வையில், நன்றாக வருவான் என்று தெரிந்த புது குமாஸ்தாவைப் பார்க்கும் நிறைவு இருந்தது.

"இந்த வீட்டை வாடகைக்கு விடணும் மாமா," என்று அவரிடம் திரும்பினாள். "சங்கத்துலேருந்து ஆட்சேபணை இல்லைன்னு ஒரு சான்று வேணும். எப்ப கிடைக்கும்?"

தலைவர் ஒரு உருண்டையைக் கடைவாய்க்கு மாற்றினார். அவருக்குப் பல்செட். கொஞ்சம் நேரம் பிடித்தது.

"குடுக்கலாம்மா. ஆனா உங்கப்பா பேர்ல ஒரு விவகாரம் நிலுவையில இருக்கே. நிலுவை உள்ளவர் காலி பண்றதுல ஆட்சேபணை இல்லைன்னு நான் எப்படி எழுதறது?"

"என்ன விவகாரம்?"

"இந்த ஜவ்வரிசி எந்த இனம்ங்கறது."

"இப்பதானே குடிச்சீங்க மாமா. டீ."

"வெந்தாத்தான் டீ. வேகாத வரைக்கும் அது வடாமாகவும் போகலாம். அடுத்த கூட்டத்துல மறுபடி பார்க்கறோம்."

"அது எப்ப முடியும்?"

"முறைப்படி முடியும்."

ஸ்ம்ருதி மறுநாள் ரயிலேறினாள். என் பபிள் டீ அவள் ஆபீஸ் குரூப்பில் நிறைய இதயங்களைப் பெற்றதாகச் செய்தி அனுப்பினாள். கூடவே, 'சான்று வந்துச்சாப்பா?' என்றும் கேட்டிருந்தாள்.

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் கூட்டுத் தணிக்கை நடந்துவருகிறது. நான் போடுகிறேன். மூவரும் குடிக்கிறோம். மூவருக்கும் அது பிடிக்கவில்லை. யாரும் அதைத் தெரிவிக்கவில்லை. வெந்துவிட்டால் இனம் தெரிந்துவிடும், இனம் தெரிந்தால் சான்று கொடுத்தாக வேண்டும் என்பதால், ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிடுகிறேன். தலைவர் பல்செட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மென்று பார்த்து, "இன்னும் வேகலை. ஒத்திவைக்கிறேன்," என்கிறார்.

போன வாரம் கூட்டம் முடிந்த பிறகு அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"அமெரிக்காவுலேருந்து பையன் பேசினான், சாமா. கோயம்புத்தூர்ல ஏதோ இடம் இருக்காமே, நல்ல இடமான்னு விசாரிக்கிறான்."

நான் டம்ளர்களை எடுத்து அடுக்கினேன்.

"இந்த ஜவ்வரிசி எந்தக் கடையில வாங்கினீங்க?"

சொன்னேன்.

இப்போது மொட்டை மாடியில் இரண்டு வேட்டிகள் காய்கின்றன. தலைவர்மேல் வாய்மொழிப் புகார் கொடுத்தது நான்தான். அவரே கேட்டுக்கொண்டார்.